கட்சிக்காரர் மிரட்டினால் புகாரை எப்படிக் கொண்டுபோவது?

2022 மார்ச்சில் முதுகுளத்தூர் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர், அமைச்சர் ராஜகண்ணப்பன் தன்னைச் சாதி சொல்லித் திட்டியதாக வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். சில நாட்களிலேயே அமைச்சரின் போக்குவரத்துத் துறை கைமாறி, அவருக்குப் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை தரப்பட்டது. குற்றச்சாட்டு மெய்யா பொய்யா என்பதற்கு இலாகா மாற்றம் விடை சொல்லவில்லை. திருப்பூர் மாவட்டத்தில் நடந்தது வேறு. 2018 ஜூலையில் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிச் சத்துணவு சமையலர் சமைக்கக் கூடாது என்று ஊரில் ஒரு தரப்பு நெருக்கியது. அதிகாரிகள் பணிந்து அவரை இடம் மாற்றினார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் உத்தரவு ரத்தானது. அதோடு நிற்காமல் எஃப்.ஐ.ஆர். பதிவானதால்தான், ஏழு ஆண்டு கழித்தும் 2025 நவம்பரில் ஆறு பேருக்கு இரண்டு ஆண்டு சிறை கிடைத்தது. நெருக்கியவர்கள் மந்திரிகள் அல்ல. ஆனால் செல்வாக்கு அதிகாரியை வளைக்கும் விதம் எங்கும் ஒன்றுதான். பரபரப்பைக் கட்சி நினைத்தால் அடக்கிவிடும். நம்பர் விழுந்த புகாரை அப்படி முடித்துவிட முடியாது.

பனியன் கம்பெனி முதலாளியே கவுன்சிலராகவோ ஒன்றியச் செயலாளராகவோ இருந்தால் பவர்டேபிள் டைலருக்குச் சிக்கல் இரட்டிப்பு. மாநகராட்சித் தூய்மைப் பணியாளருக்கும் அப்படியே. வேலையிட மிரட்டலுக்கென்று நம்மிடம் தனிச் சட்டம் இல்லாததால், ‘கொடுமைப்படுத்துகிறார்’ என்று எழுதும் மனு நிற்காது. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். சம்பவம் நடந்த அன்று இரவே தேதி, நேரம், எந்த லைன் அல்லது எந்த அறை, அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே, அருகில் செக்கிங்கில் யார் நின்றார்கள் என்பதை எழுதிவையுங்கள். கெட்ட வார்த்தையை ‘தகாத வார்த்தை’ என்று மாற்றாதீர்கள். வழக்குக்கு அந்த வார்த்தையே ஆதாரம். போனில் பதிவு இருந்தால் போனையே பத்திரப்படுத்துங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் போதாது.

அடுத்தது, செயலுக்குரிய சட்டம். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 132-ஆம் பிரிவு. அடிப்பேன், கொல்வேன் என்று மிரட்டினால் யாருக்கும் 351. பட்டியல் சாதி, பழங்குடியினரை, அந்த இரு பிரிவிலும் சேராத ஒருவர் பலர் பார்க்கும் இடத்தில் இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். வேலையிடத்தில் பெண்ணுக்குப் பாலியல் தொந்தரவு என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். செய்தவர் முதலாளியே என்றால் கம்பெனிக்குள் இருக்கும் கமிட்டியை நம்ப வேண்டியதில்லை. மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுதலாம்.

மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய் ஸ்டேஷனில் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். ‘பேசி முடிச்சுக்குங்க’ என்பார்கள். வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுத்தால் மாநகரில் கமிஷனருக்கும் ஊரகத்தில் எஸ்.பி.க்கும் தபாலில் அனுப்புங்கள்; அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். சங்கத்தின் துணை அவசியம். ஆனால் தொழிற்சங்கம் பலவற்றுக்கும் கட்சி உண்டு என்பதால், மிரட்டியவரின் கட்சி சாராத சங்கத்தையும் அணுகுங்கள்.

வேலை போய்விடுமே என்ற பயம் நியாயமானது, அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் மனு கொடுக்கும் முன்பே இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். பாஸ்புக், சம்பள ஷீட்டின் போட்டோ கைவசம் இருக்க வேண்டும். பீஸ் ரேட் ஆளை ‘இவர் இங்கே வேலையே பார்க்கவில்லை’ என்று சொல்லிவிடுவது சுலபம். பொய்ப் புகாரால் பெயரைக் கெடுக்கலாமே என்பது மறுதரப்பின் வாதம். அதற்கும் எழுத்துப் புகாரே காவல். மேடைப் பேச்சுக்கு மறுப்பு மட்டுமே தரலாம், விசாரணையில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். பிரிட்டனில் துணைப் பிரதமர் டொமினிக் ராப் மிரட்டுவதாக அதிகாரிகள் முறைப்படி தந்த புகார்களை வழக்கறிஞர் ஆடம் டோலி இருதரப்பும் கேட்டு விசாரித்தார். சில நிரூபணமாயின, சில ஆகவில்லை. அறிக்கை வந்ததும் 2023 ஏப்ரலில் ராப் பதவி விலகினார்.

ஆட்சி மாறினால் வழக்கையே வாபஸ் வாங்கிவிடுவார்களே என்பார்கள். எம்.பி., எம்.எல்.ஏ. மீதான வழக்கை உயர் நீதிமன்ற அனுமதியின்றி அரசு திரும்பப் பெற முடியாது என்று 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. கவுன்சிலர் மீதான வழக்குக்கும் அந்தக் கவசம் உண்டென்று நம்பி இருந்துவிடாதீர்கள். அதனால் நீங்களே சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் நடவடிக்கை என்ன என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.