மாதவிலக்கு நிற்கும் வயதா? கேழ்வரகும் நடையும் கைகொடுக்கும்!

நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். தலைக்கு மேல் ஃபேன் ஓடும். ஆனாலும் திடீரென்று மார்பிலிருந்து முகம் வரை சூடு ஏறி, வியர்த்துக் கொட்டும். ராத்திரி தூக்கம் போகும். "ஏன் இப்படி எரிஞ்சு விழறே?" என்று வீட்டில் கேட்பார்கள்.

பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வராவிட்டால் அதுதான் 'மெனோபாஸ்'. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது.

சூடும் வியர்வையும் பெரும்பாலோருக்குச் சில வருஷங்களில் தணிந்துவிடும். கவலைப்பட வேண்டியது, சத்தமில்லாமல் நடக்கும் எலும்புத் தேய்மானத்துக்குத்தான். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் முதல் ஐந்தாறு வருஷங்களில் எலும்பு வேகமாக வலுவிழக்கும். வலியே இருக்காது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

கொல்லிமலைத் தானியம்

நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் கொல்லிமலையில் கேழ்வரகு, சாமை, தினை தலைமுறை தலைமுறையாக விளைந்தவை. ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பயிரிடுவது பெருகியதும் அந்த நிலம் சுருங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அவற்றை மீட்கப் பாடுபட்டது. மலைப் பெண்களுக்கு மெனோபாஸ் தொல்லையே கிடையாது என்று சொல்ல வரவில்லை. மேடு பள்ளத்தில் நடந்த நடையும், குடித்த கேழ்வரகுக் கூழும் எலும்புக்கு நல்லவை. அந்த இரண்டையும் நாமும் எடுத்துக்கொள்ளலாமே!

என்ன சாப்பிடலாம்?

மெனோபாஸுக்குப் பின் தினமும் சுமார் 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. அரிசியில் 10 கூடத் தேறாது. சாமை, தினையில் நார்ச்சத்து உண்டு. ஆனால் கால்சியத்தில் கேழ்வரகின் கிட்டேகூட வராது. முளைகட்டி அரைத்தால் உடம்பில் நன்றாகச் சேரும்.

காலையில் கேழ்வரகுக் கூழ் அல்லது தோசை, இரண்டு டம்ளர் பால் அல்லது மோர், முருங்கைக்கீரை, எள்ளுப்பொடி, அசைவக்காரர்களுக்கு முள்ளோடு நெத்திலி என்று பிரித்துச் சாப்பிடுங்கள். பருப்பு, சுண்டலை விடாதீர்கள். தசைக்குப் புரதம் வேண்டும். காபியோ காரமோ சூட்டைக் கிளப்பினால் குறையுங்கள். சர்க்கரை நோயாளிகள் கஞ்சியைவிட அடை, ரொட்டியாகச் சாப்பிடுவது நல்லது.

என்ன பயிற்சி?

உடம்பின் எடையைக் கால் தாங்கினால்தான் எலும்பு உறுதிப்படும். வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமாக நடங்கள். முட்டி வலி இல்லாதவர்கள் மாடிப்படி ஏறலாம். வாரம் இரண்டு நாள், கைப்பிடிக்காமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்குங்கள். இருமும்போது சிறுநீர் கசிகிறதா? சிறுநீரை அடக்குவதுபோல இடுப்படித் தசைகளை ஐந்து விநாடி இறுக்கித் தளர்த்துங்கள். வேளைக்குப் பத்து முறை, தினம் மூன்று வேளை. வெயில் படவும் கொஞ்சம் நில்லுங்கள். வைட்டமின் டி இல்லாமல் கால்சியம் சரியாகச் சேராது.

டாக்டரிடம் எப்போது?

இவற்றால் உடல்சூடு முழுசாக நின்றுவிடும் என்று நம்பி அவதிப்படாதீர்கள். தூக்கம் கெடுமளவுக்கு இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. முக்கியமாக, ஒரு வருஷம் நின்ற பிறகு மறுபடியும் துளி ரத்தம் பட்டாலும், "சூடுதான்" என்று விட்டுவிடாமல் உடனே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கத்தை இன்றே விடுங்கள். உங்கள் பங்குக் கூழை முதலில் எடுத்து வையுங்கள்!