ஏரியைச் சுற்றி நடக்கப் போகும் மகளுக்கு

கட்டுக்கலை,
கண்டி.

அன்பு மகளுக்கு,

உன் நடைபவனிக்காக நீ அனுப்பிய துண்டுப்பிரசுரத்தை இரண்டு தடவை வாசித்தேன். பெரியம்மாவும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள். படம் அழகு, எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் மேலே பெரிதாகப் போட்டிருக்கிறாயே, “500 ரூபா தாருங்கள், ஒரு பிள்ளைக்குத் தாய் தந்தை கிடைக்கும்” என்று, அந்த வரியை எடுத்துவிடு. காசையும் பிள்ளையையும் ஒரே வரியில் வைக்காதே. நல்ல மனதோடுதான் எழுதினாய் என்று எனக்குத் தெரியும். போனில் சொன்னால் “சரி பெரியப்பா, சரி பெரியப்பா” என்று வைத்துவிடுவாய் என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் என்பது உனக்குத் தெரியும். அங்கே பார்த்ததை நான் வீட்டில் பேசுவதில்லை. இன்று ஒன்றை மட்டும் சொல்கிறேன். எண்பதுகளின் நடுப்பகுதி. எந்த ஊர் கோர்ட் என்று கேட்காதே. தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். இருபது வயதுகூட இராது. கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. அவள் கையில் இருந்த பிள்ளைக்கு மட்டும் புதுச் சட்டை, புதுத் துவாய், முகமெல்லாம் பவுடர். பின் வாங்கில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. அவர்களுக்குப் பக்கத்தில், அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு தரகர். நீதிபதி சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்: “இந்தப் பிள்ளையை இவர்களுக்கு மகவேற்பாகக் கொடுக்கச் சம்மதமா?” அவள் என்னைப் பார்த்தாள். “சம்மதமுங்க” என்றாள். பெருவிரலை மையில் வைத்து அழுத்தினாள். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

வெளியே விறாந்தையில் வந்து என் சட்டைக் கையைப் பிடித்தாள். “ஐயா, படிப்பு முடிஞ்சதும் புள்ளய அனுப்பி வச்சுருவாங்கல்ல?”

மகவேற்பு, அதாவது தத்து, என்ற சொல்லை அவள் அன்றைக்கு முன் கேட்டிருக்கவே மாட்டாள். வளர்க்கக் கொடுப்பது அவளுக்குத் தெரியும். அக்காவின் பிள்ளையைத் தங்கச்சி வளர்ப்பதும், மாமி வீட்டில் விட்டுப் படிக்க வைப்பதும் லயத்தில் நடக்கிற காரியம்தானே. பிள்ளை யார் வீட்டில் வளர்ந்தாலும் தாய் தாய்தான். கோர்ட் கட்டளை அப்படியில்லை, அது உறவையே வெட்டி வேறு இடத்தில் ஒட்டுவது. “இனி இது உன் பிள்ளை இல்லை, சரியா?” என்று நான் கேட்டிருக்க வேண்டும். சட்டப் புத்தகத்தின் சொல்லைச் சொல்லிவிட்டு நின்றேன். என் வேலையில் நான் செய்த பெரிய பிழை அதுதான். விறாந்தையிலும் அவளுக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. தரகர் கூப்பிட்டார், போய்விட்டாள்.

அவள் ஒருத்தி மட்டும் என்று நினைக்காதே. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இலங்கையிலிருந்து ஏறத்தாழ 11,000 பிள்ளைகள் ஐரோப்பாவுக்குத் தத்துப் போனார்கள் என்று சொல்கிறார்கள். அதில் நேர்மையாகப் போனவர்களும் உண்டு. ஆனால் தரகர்களும், பிள்ளை பெறுவதற்கென்றே பெண்களை அடைத்து வைத்த வீடுகளும், உண்மைத் தாய்க்குப் பதிலாகக் கையெழுத்துப் போட வந்த நடிப்புத் தாய்மாரும் இருந்தார்கள். 2017இல் நெதர்லாந்தின் செம்பிளா தொலைக்காட்சி நிகழ்ச்சி இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தபோது, அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்னவே பிள்ளைப் பண்ணைகள் இருந்ததை ஒத்துக்கொண்டார். 2021இல் நெதர்லாந்து அரசு அமைத்த குழு, இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்தெடுப்புகளை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அதன்பிறகு அந்த நாடு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. இப்போது நடுவயதுக்கு வந்துவிட்ட அந்தப் பிள்ளைகள் பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே வந்து தாயைத் தேடுகிறார்கள். சான்றிதழில் இருக்கும் பெயரே பொய்யாக இருந்தால் எங்கே போய்த் தேடுவது?

எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது காசுதான், மகள். 1941ஆம் ஆண்டின் மகவேற்புச் சட்டமே, கோர்ட் அனுமதியில்லாமல் தத்துக்காக யாரும் எந்தக் கைம்மாறும் வாங்கவோ கொடுக்கவோ கூடாது என்கிறது. தத்தெடுப்பவருக்கு 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும், பத்து வயது தாண்டிய பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும். இவ்வளவும் அந்தப் புத்தகத்தில் இருக்க, ஊரில் காசுதான் பேசியது. 1992இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பை இறுக்கினார்கள். இன்று பிள்ளை கேட்பவர்கள் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்துக்குத்தான் போக வேண்டும். உத்தியோகத்தர் வீடு பார்த்து அறிக்கை எழுதுவார், பிறகு கோர்ட். இதில் உன் 500 ரூபாவுக்கு எங்கே இடம்? பிள்ளை கேட்டுக் காத்திருப்பவர்களுக்குக் குறைவில்லை. அவர்கள் கேட்பதெல்லாம் கைக்குழந்தை, அதிலும் வெள்ளையாய். ஒன்பது வயதுப் பையனையும் அவன் தங்கச்சியையும் சேர்த்துக் கேட்டு வந்த தம்பதியை நான் கண்டதில்லை.

அப்படியானால் நடக்க வேண்டாமா என்று கேட்பாய். நட. காசும் சேர். ஆனால் அதை எங்கே போடுகிறாய் என்பதை மாற்று. கலஹா பஸ்ஸில் ஏறி ஏதாவது ஒரு தோட்டத்து டிவிஷனில் இறங்கிப் பார். அம்மா குவைத்திலோ சவூதியிலோ இருப்பாள், அப்பா கொழும்பில் கடையொன்றில். பிள்ளைகளை வளர்ப்பது அம்மாயி. அவளும் நேற்றுவரை கொழுந்து எடுத்தவள்தான். நம் நாட்டில் வளர்ப்புத் தாய் என்றால் முக்கால்வாசி அவள்தான், அவளுக்கு எந்தக் கட்டளையும் இல்லை, கொடுப்பனவும் இல்லை. ஒரு வருஷம் சப்பாத்து வாங்க முடியாமல் போனால், ஒரு மழைக்கு லயத்துக் கூரை போனால், யாரோ ஒருவர் “பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் விடுங்களேன், சாப்பாடாவது கிடைக்கும்” என்பார். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது. 2019இல் அரசாங்கமே மாற்றுப் பராமரிப்புக் கொள்கை ஒன்றை எழுதி, முதலில் குடும்பம், கடைசியில்தான் இல்லம் என்று சொல்லியாயிற்று. திணைக்களத்தில் ‘செவன சரண’ என்று ஒரு திட்டம் இருக்கிறது, வளர்ப்புப் பெற்றோர் என்று பெயர். ஆனால் பிள்ளை தன் வீட்டிலேயே இருக்கும், நீ மாதம் ஒரு தொகை கொடுத்து அதன் படிப்பைத் தாங்குவாய். எனக்குப் பிடித்த திட்டம். பெயர்தான் கொஞ்சம் குழப்பும்.

நடைபவனி நடத்துவது பற்றியும் உனக்கு ஒன்று சொல்ல இருக்கிறது. பல வருஷத்துக்கு முன் ஒரு சங்கம் இதே ஏரியைச் சுற்றி இதே மாதிரி நடந்தது. என்னையும் கூட்டிப் போனார்கள். ரீசேர்ட், பனர், பிரதம விருந்தினருக்கு மாலை, பாண்ட் வாத்தியம். கணக்கு முடிந்தபோது மிஞ்சியது சிரிப்புக்கிடமான தொகை. அதைப் பெரிய காசோலையாக அட்டையில் எழுதி, இல்லத்திலிருந்து கூட்டி வந்த ஒரு பையனிடம் பிடிக்கக் கொடுத்தார்கள். அவனுக்குப் போட்டுவிட்ட ரீசேர்ட் முழங்கால் வரை தொங்கியது. அட்டைக்குப் பின்னால் நெற்றி மட்டும் தெரிந்தது. “அட்டையைக் கீழே இறக்கு, முகம் தெரியட்டும்” என்று படம் பிடித்தவர் சத்தம் போட்டார். மறுநாள் பேப்பரில் வந்தது. அதற்கு மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டதாக அவனுடைய டீச்சர் சொன்னார். என்ன பெயர் என்று நான் எழுத மாட்டேன். உன் நடையில் ஒரு பிள்ளையின் முகமும் பனரில் வரக்கூடாது. நடப்பது நீங்கள். உங்கள் படத்தைப் போடுங்கள்.

2011இல் தெய்வேந்திரமுனைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ‘ட்ரெயில்’ என்று நடந்தார்களே, 670 கிலோமீற்றர், தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காக. 2016இல் கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்காக இன்னொரு தடவை. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாக வழிநெடுகச் சேர்ந்து நடந்தார்கள், எனக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் ஆஸ்பத்திரி என்றால் கட்டிடத்தைக் காட்டலாம், “இதோ உன் காசு” என்று விரலை நீட்டலாம். நீ செய்யப் போவதில் அப்படிக் காட்ட ஒன்றும் இருக்காது, இருக்கவும் கூடாது. அதனால் உன் கணக்கு மற்றவர்களுடையதைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும். இலக்கம் போட்ட ரசீதுப் புத்தகம், இரண்டு கையெழுத்துள்ள வங்கிக் கணக்கு, முடிந்த மாதத்திலேயே வரவு செலவு. ரீசேர்ட் வேண்டாம். எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டு வந்தால் போதும்.

ஏரி ஒரு சுற்று மூன்று கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் வாகனம் குறைவு. போயா நாளையும் பெரஹெரா மாதத்தையும் விட்டுவிடு. மாநகர சபைக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே கடிதம் கொடு. தலதா மாளிகைப் பக்கம் ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். ஏரியை வெட்டிய அரசனை நினைத்துக்கொண்டு நடங்கள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் இந்த ஏரியை வெட்டும்போது, வேலை செய்ய விருப்பமா என்று யாரையும் கேட்கவில்லையாம்.

பிரசுரத்தைத் திருத்தி ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா. சிங்களத்திலும் தமிழிலும் நானே எழுதித் தருகிறேன், இந்தத் தடவை லயத்தில் பேசுகிற தமிழில். நடக்கிறவர்கள் பட்டியலில் என் பெயரையும் எழுது. முழங்கால் வலி, ஒரு சுற்றுத்தான் முடியும். சுற்றுக்கு 2,000 ரூபா தருவதாகப் பெரியம்மா சொல்லியிருக்கிறாள். ரசீதை மறக்காதே, கேட்டு வாங்குவாள்.

அன்புடன்,
பெரியப்பா