லினக்ஸில் உங்கள் செட்டிங்ஸ் எங்கே இருக்கிறது?

மாதனூரில் என் சித்தப்பா ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் வைத்திருக்கிறார். அவருடைய கம்ப்யூட்டரில் பாஸ் லினக்ஸ் போட்டிருந்தேன். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன் சேர்த்துக் கொடுத்தார்களே, அதே பாஸ்தான். சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது.

ஹார்ட் டிஸ்க் மாற்ற வேண்டி வந்தபோது, ஹோம் ஃபோல்டரில் கண்ணில் பட்டதை எல்லாம் பென் டிரைவில் காப்பி செய்தேன். புது டிஸ்க்கில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் போன். "லெட்டரெல்லாம் இருக்குப்பா, கம்பெனி பேருங்கதான் வரமாட்டேங்குது!"

லிப்ரே ஆபீஸில் இரண்டு எழுத்து தட்டி எஃப்3 அழுத்தினால் பார்ட்டியின் முழு முகவரி விழும்படி ஆட்டோடெக்ஸ்ட் போட்டு வைத்திருந்தார். மூன்று வருட உழைப்பு. தவறு என்னுடையது. பழைய டிஸ்க் அதற்குள் உயிரை விட்டிருந்தது.

விண்டோஸில் பெரும்பாலான செட்டிங்ஸ் ரெஜிஸ்ட்ரிக்குள் போகும். லினக்ஸில் பெரும்பாலும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்கள்தான். கம்ப்யூட்டர் முழுமைக்கும் பொதுவானவை 'இடிசி' என்ற ஃபோல்டரில் இருக்கும் (இ, டி, சி மூன்றும் சிறிய ஆங்கில எழுத்துகள்). எந்த ஃபோல்டரில் என்ன இருக்க வேண்டும் என்ற விதிமுறை 1994-ல் முதலில் வெளிவந்தது. அதன் 3.0 பதிப்பு 2015-ல் வந்தது.

புரோகிராமோடு வரும் ஃபைல்கள் 'யுஎஸ்ஆர்' ஃபோல்டரில் இருக்கும். அங்கே கை வைக்காதீர்கள். அடுத்த அப்டேட்டில் நீங்கள் செய்த மாற்றம் சத்தமில்லாமல் அழிந்துவிடும். இடிசியில் அப்படி இல்லை. அங்குள்ள ஒரு ஃபைலை நீங்கள் மாற்றியிருந்து, அப்டேட்டிலும் அதற்குப் புதிய வடிவம் வந்தால், டெபியன் வகை லினக்ஸ் 'உங்களுடையதா, புதியதா?' என்று நிறுத்திக் கேட்கும். வெறுமனே என்டர் தட்டினால் உங்களுடையதே நிற்கும். இதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

உங்கள் சொந்த விருப்பங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும், ஆனால் மறைந்திருக்கும். பெயர் புள்ளியில் தொடங்கினால் லினக்ஸ் அதைக் காட்டாது. இது திட்டமிட்ட வசதியே அல்ல, ஆரம்பகால யூனிக்ஸில் குறுக்குவழியாக எழுதிய நிரலின் விளைவு என்று ராப் பைக் 2012-ல் எழுதினார். ஆளாளுக்கு ஒரு புள்ளி ஃபைல் வைத்ததில் ஹோம் ஃபோல்டர் குப்பைமேடானது. அதைச் சரிசெய்ய 2003-ல் ஓர் ஏற்பாடு வந்தது: செட்டிங்ஸ் '.கான்ஃபிக்' ஃபோல்டரில், தற்காலிகச் சரக்கு '.கேச்' ஃபோல்டரில். சித்தப்பாவின் ஆட்டோடெக்ஸ்ட் இந்த .கான்ஃபிக்குக்குள், லிப்ரே ஆபீஸ் ஃபோல்டரில்தான் இருந்திருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஹோம் ஃபோல்டரைத் திறந்து கண்ட்ரோல் + ஹெச் அழுத்துங்கள். மறைந்தவை எல்லாம் தெரியும். .கேச் தேவையில்லை. .கான்ஃபிக், '.லோக்கல்' போன்றவற்றைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, 'டார்' வகையில் கம்ப்ரஸ் செய்யுங்கள். நேரடியாகப் பென் டிரைவில் போட்டால் எந்த ஃபைலை யார் திறக்கலாம் என்ற அனுமதி விவரங்கள் தொலைந்துவிடலாம். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் இந்தப் புள்ளி ஃபோல்டர்களில்தான் இருக்கும். அந்தப் பென் டிரைவை பிரின்ட் எடுக்கும் கடையில் கொடுத்துவிடாதீர்கள்.

இடிசியையும் காப்பி எடுத்து வைக்கலாம். ஆனால் புது சிஸ்டத்தின் மேல் அப்படியே கொட்டாதீர்கள். பழைய டிஸ்க் பார்ட்டிஷன்களின் அடையாள எண்கள் அதில் இருக்கும், புது டிஸ்க் பூட் ஆகாமல் போகலாம். தேவையான ஃபைலை மட்டும் திறந்து பார்த்து எழுதிக் கொள்ளுங்கள்.

சித்தப்பா இப்போது பழைய டெலிவரி சலான்களைப் பார்த்து முகவரிகளை மறுபடி தட்டிக் கொண்டிருக்கிறார்.