சான்றிதழில் யாருடைய பெயர்?

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் பேச்செல்லாம் இரண்டு பெயர்களைச் சுற்றித்தான். ஒன்று, மாலபேயிலுள்ள இலங்கை தகவல் தொழில்நுட்ப நிறுவகம். 1999இல் தொடங்கிய அதை எல்லோரும் 'ஸ்லிட்' என்பார்கள். மற்றது, 1990இல் தொடங்கி வெள்ளவத்தை இராமகிருஷ்ணா வீதியில் இயங்கும் ஐஐடி. (இந்தியாவின் ஐஐடிக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை மட்டும்தான். சாச்சி இதை இன்னும் நம்பவில்லை.)

அரச பல்கலைக்கழகத்துக்கு என் இசட் புள்ளி போதவில்லை. மென்பொருள் படிக்க விரும்பினேன். அதற்கு இரண்டுமே நல்ல பெயரெடுத்த இடங்கள். அப்படியானால் எதை வைத்துத் தெரிவு செய்வது? நான் பார்த்தது கட்டடங்களின் படங்களை. சாச்சி பார்த்தது 'லண்டன் பட்டம்' என்ற சொல்லை. வாப்பாதான் கேட்டார்: "மகள், கடைசியா தாற சேட்டிபிக்கட்டில யாருட பேர் இரிக்கும்?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் மற்றவையெல்லாம் விளங்கின.

ஸ்லிட் தன் பெயரிலேயே பட்டம் வழங்குகிறது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அதற்கு அந்த அதிகாரம் கிடைத்தது. அங்கே வெளிநாட்டுப் பட்டங்களும் உண்டு. நான் பார்த்தது உள்நாட்டுப் பட்டத்தை. ஐஐடியில் மென்பொருள் பொறியியல் படித்தால் பட்டம் தருவது இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகம். வெளிநாட்டுப் பட்டம் என்றால், அதை வழங்கும் பல்கலைக்கழகம் அங்கீகாரமுள்ளதா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் கேட்டறியலாம். அரச வேலைக்குப் போக நினைப்பவர்கள் இதைச் சேரும் முன்பே செய்ய வேண்டும், முடித்த பிறகல்ல.

அடுத்தது பணம். வெளிநாட்டுப் பட்டம் என்றால் கட்டணத்தில் ஒரு பகுதி பவுணில் வருவது வழக்கம். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியதை நாம் மறக்கவில்லை. பவுணும் கூடவே ஏறியது. நான்கு வருடப் படிப்புக்கு இன்றைய விலையில் கணக்குப் போட்டால் அது பாதிக் கணக்குத்தான்.

வங்கிக் கடன் எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். வட்டி என்றதும் உம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. அப்போதுதான் உயர்கல்வி அமைச்சின் வட்டியில்லா மாணவர் கடன் பற்றி அறிந்தோம். வங்கிக்குரிய வட்டியை அரசு செலுத்துகிறது. எடுத்த முதலை மட்டும் படிப்பு முடிந்தபின் தவணையாகத் திருப்பினால் போதும். கட்டணத்தை ஓர் எல்லை வரைதான் தருவார்கள், இடங்களும் மட்டுப்பட்டவை. உள்நாட்டில் பட்டம் வழங்கும் அதிகாரம் பெற்ற அரசு சாரா நிறுவனங்களில், தெரிவுசெய்த பாடநெறிகளுக்கே அது கிடைக்கும். வெஸ்ட்மின்ஸ்டர் பட்டத்துக்கு இல்லை. சான்றிதழில் இருக்கும் பெயர் இங்கேயும் வந்து நின்றது. வட்டியை அரசு கட்டுவது பற்றி உம்மாவுக்கு ஒரு தயக்கம் இருந்தது. வாப்பா பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டுத் தெளிந்த பிறகுதான் படிவத்தை நிரப்பினோம்.

ஐஐடியைக் குறைத்துச் சொல்லவில்லை. அங்கே மென்பொருள் பொறியியலில் ஒரு வருடம் முழுவதும் கம்பனியில் வேலைப் பயிற்சி. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆசைதான். வெள்ளவத்தையில் எங்கள் உறவினர் வீடும் இருக்கிறது, தமிழிலேயே கடைக்குப் போய் வரலாம். மாலபேயில் அறை தேடத்தான் வேண்டும். காசு கையில் இருந்திருந்தால் நான் அதைத்தான் எடுத்திருப்பேன் என்று வாப்பாவிடமே சொன்னேன். வாப்பா ஒன்றும் பேசவில்லை.

தங்கைமாரே, கடனுக்கு அமைச்சு தனியாக விண்ணப்பம் கோரும். பல்கலைக்கழக அனுமதியோடு அது தானாக வராது. பெறுபேறு வந்த நாளிலிருந்தே பத்திரிகையைப் பாருங்கள். நான் இப்போது கொள்ளுப்பிட்டியிலிருந்து 177ஆம் இலக்க பஸ்ஸில் மாலபே போய் அறை பார்த்து வருகிறேன். உம்மாவுக்குப் பிடித்த அறை இன்னும் கிடைக்கவில்லை.