ஊர்ச் சரித்திரப் பொருட்காட்சிச்சாலை

பொருட்காட்சிச்சாலை என்பது பெருநகரங்களுக்கே உரியது எனப் பலர் எண்ணுவர். அஃது ஏற்புடைத்தன்று. கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியிலுள்ள ஏலாக்குறிச்சியை நோக்குக. 1680-இல் இத்தாலி நாட்டிற் பிறந்த வீரமாமுனிவர் இவ்வூரில் தங்கித் தொண்டாற்றினார். திருக்காவலூர் என்னும் பெயரால் இதன்மீது கலம்பகம் பாடினார். இத்தகைய ஊர் தன் சரித்திரத்தைத் தானே போற்றுதல் தகும்.

அங்ஙனம் போற்றுவதற்கு முதலில் வேண்டுவது யாது? கட்டிடமன்று. இதனைப் பழைய நிகழ்ச்சியொன்று தெளிவுறுத்தும். எல்லிஸ் துரை 1816-இல் முத்துசாமிப் பிள்ளையைத் தென்னாட்டிற்கு அனுப்பி, வீரமாமுனிவர் நூல்களைத் தேடச் செய்தார். 1819-இல் துரை இறந்தார். அவர் சேர்த்து வைத்த கடிதங்களும் குறிப்புகளும், காப்பாரின்றி, மதுரையில் அடுப்பெரிக்கப் பயன்பட்டன என்பர். முத்துசாமிப் பிள்ளையோ தாம் கேட்டறிந்தவற்றை முனிவர் சரித்திரமாக எழுதினார். அது நமக்குக் கிடைத்துள்ளது. தனியொருவர் தொகுப்பு அவர் ஆயுளோடு கட்டுண்டது என்பதும், எழுதிப் பரப்பியது பிழைக்கும் என்பதும் இதனாற் பெறப்படும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் சேர்த்த நூல்கள் அவர் மறைவுக்குப்பின் அழியவில்லை. 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. எனினும் அவை சொந்த ஊரை விட்டு நீங்கின. ஊரிலேயே பொருள் நிலைக்க வேண்டுமாயின் ஊராரே முயலல் வேண்டும்.

ஆதலின், முதற்கண் ஒரு சங்கம் அமைத்துப் பதிவு செய்க. பொருள்கள் யாவும் அதன் பெயரால் இருத்தல் நன்று. அடுத்து ஒரு பேரேடு தொடங்குக. ஒவ்வொரு பொருளுக்கும் எண், கொடுத்தவர் பெயர், கிடைத்த இடம், நாள், பயன், முதியோர் கூறும் செய்தி ஆகியவற்றை எழுதுக. நன்கொடையோ இரவலோ என்பதையும் குறித்துக் கொடுத்தவரிடம் கையொப்பம் பெறுக. பேரேட்டின் படியொன்றை வேறிடத்திற் காக்க. கல்வெட்டைப் பெயர்த்தெடாது, மைப்படி எடுத்து மாட்டுக. ஓலைச்சுவடிகளை ஈரமும் வெயிலும் படாது வைத்து, புல்தைலம் பூசிப் பேணுக.

ஏற்றம், மரக்கால், பழைய பத்திரம் முதலியவும் சரித்திரமே. வரலாறு எழுதப்படாத பொருள் ஊமைக்கு ஒப்பாம். அதன் வரலாற்றை அறிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே கேட்டெழுதுதல் நம் கடனாகும். அதற்கு ஓர் ஏடும் எழுதுகோலும் போதும்.