பார்த்துக்கொள்கிறவரை யார் பார்ப்பது?

அம்மாவுக்கு மறதி நோய் என்று தெரிந்ததிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அம்மாவைத்தான் விசாரிக்கிறார்கள். சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, மருந்து ஒத்துக்கொள்கிறதா என்றெல்லாம் கேட்பார்கள். இரவெல்லாம் கூட விழித்திருக்கும் மகள் தூங்கினாளா என்று கேட்பவர் அபூர்வம். கேட்காததில் தவறில்லை, அவர்களுக்குத் தோன்றுவதில்லை. அதனால் நம் மனத்தை நாம்தான் கவனித்தாக வேண்டும்.

எங்கள் வீட்டில் கஷ்டமான நேரம் பொழுது சாயும் வேளை. மறதி நோய் உள்ள பலருக்கு அந்நேரத்தில்தான் குழப்பம் கூடும். அம்மா தன் புடவைகளை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போகணும், அப்பா தேடுவார்" என்று வாசலுக்கு வந்துவிடுவார். தாத்தா போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இதுதான் வீடு என்று வாதாடினால் அம்மாவுக்கு அழுகை, எனக்குப் படபடப்பு. இப்போது, "சரிம்மா, காபி குடிச்சிட்டுப் போகலாம்" என்கிறேன். இருட்டும் முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறேன். ஒரு முறம் நிறைய அவரைக்காயை முன்னால் வைத்தால், அம்மா நார் உரிக்க உட்கார்ந்துவிடுவார். பெயர்கள் மறந்தாலும் அந்த விரல்களுக்கு வேலை மறக்கவில்லை. அம்மா அமைதியானால் பாதி பாரம் எனக்கும் இறங்கிவிடுகிறது.

உதவி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "ஏதாவது வேணும்னா சொல்லுக்கா" என்று தம்பி சொல்லும்போது "பரவாயில்லடா" என்று சொல்லிவிடாதீர்கள். ஞாயிறு காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை நீதான் அம்மாவோடு இருக்க வேண்டும் என்று கிழமையும் நேரமும் வைத்துச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தங்கை மருந்துச் செலவையும் பகலில் வரும் ஆயாவின் சம்பளத்தையும் ஏற்றுக்கொள்ளலாம். இது அவர்கள் நமக்குச் செய்யும் தயவல்ல, அம்மாவுக்குச் செய்ய வேண்டிய அவர்கள் பங்கு. அப்படிக் கிடைக்கிற ஞாயிறு காலையில் துணி துவைக்க உட்காராதீர்கள். நான் மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் போய் நடப்பேன். பிறகு மர நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அம்மாவை விட்டுவிட்டு வந்தோமே என்று நெஞ்சு உறுத்தத்தான் செய்யும். உறுத்தினாலும் போக வேண்டும்.

தூக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. இரண்டு இரவு சரியாகத் தூங்காவிட்டால் மூன்றாம் நாள் அம்மாவிடம் வார்த்தை தடித்துவிடும். வீட்டில் இன்னொருவர் இருந்தால் இரவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆளில்லாவிட்டால், பகலில் அம்மா கண்ணயரும்போது கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு நீங்களும் படுங்கள்.

இவ்வளவு செய்தும் சில நேரம் மனம் தேறாது. பெரும்பாலான நாட்களில், நாள் முழுக்க, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதைச் சாதாரண அலுப்பு என்று ஒதுக்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள். தைராய்டு குறைபாடும் பி12 குறைவும்கூட இப்படிச் சோர்வாக வெளிப்படலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எழுதித் தருவார்கள். மனச்சோர்வுதான் என்றால் அதற்கு மருந்தும் பேச்சு வழிச் சிகிச்சையும் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்ச் சிகிச்சைக்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது.

மருத்துவமனைக்குப் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் போனில் பேசுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அம்மாவின் மருந்துச் சீட்டு ஒட்டியிருக்கிற இடத்திலேயே அந்த எண்ணையும் இன்றைக்கே எழுதி ஒட்டிவிடுங்கள்.