மைனஸ் போட்டால் குறை எண் ஆகிவிடுமா?

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். மட்டு மதிப்பு ஒருநாளும் குறை எண்ணாக வராது என்று சின்ன வகுப்பிலிருந்தே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இப்போது ‘க < 0 எனில் |க| = −க’ என்று படிக்கிறான். “வராதுன்னு சொல்லிட்டு இவங்களே மைனஸ் போட்டிருக்காங்களே அம்மா” என்கிறான். எனக்கும் பதில் தெரியவில்லை. அச்சுப் பிழையா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: பிழை இல்லை அம்மா. இந்த இடத்தில் தடுக்கி நிற்கிறான் என்றால் உங்கள் மகன் பாடத்தை யோசித்துப் படிக்கிறான் என்று பொருள். சூத்திரத்தை மனப்பாடம் செய்து தாண்டிப் போகிறவர்களுக்கு இந்தச் சந்தேகமே வராது.

சிக்கல் மட்டு மதிப்பில் இல்லை, மைனஸ் குறியில் இருக்கிறது. அந்தச் சிறு கோட்டுக்கு நாம் மூன்று வேலை கொடுத்திருக்கிறோம். 9 − 4 என்றால் கழிக்க வேண்டும். −4 என்றால் எண்கோட்டில் பூச்சியத்துக்கு இடப்புறம் இருக்கும் ஓர் எண். −க என்றால் க-வின் எதிரெண். முதல் இரண்டும் கைப்பழக்கமாகிவிடுகின்றன. மூன்றாவதை யாரும் நின்று நிதானமாகச் சொல்லித்தருவதில்லை. அதனால் எழுத்துக்கு முன் கோட்டைப் பார்த்ததுமே ‘குறை எண்’ என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

எதிரெண் என்பது பூச்சியத்திலிருந்து அதே தொலைவில் மறுபக்கம் இருக்கும் எண். 6-க்கு −6, −6-க்கு 6, பூச்சியத்துக்குப் பூச்சியமே. ஓர் எண்ணையும் அதன் எதிரெண்ணையும் கூட்டினால் எப்போதும் பூச்சியம்தான். 628-இல் கணிதர் பிரம்மகுப்தர் ‘பிரம்மஸ்புட சித்தாந்தம்’ நூலில் எண்களைத் தனம் (மிகை), ருணம் (குறை) என்று பிரித்து, சம அளவுள்ள இரண்டும் சேர்ந்தால் பூச்சியம் என்று விதித்திருக்கிறார். ஆகவே −க மிகையா குறையா என்று அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. க எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். க = −9 என்றால் −க என்பது −(−9), அதாவது 9.

மட்டு மதிப்பு, அதாவது |க|, பக்கத்தைக் கேட்பதில்லை, பூச்சியத்திலிருந்து உள்ள தொலைவை மட்டும் கேட்கிறது. கடல்மட்டத்தைப் பூச்சியமாக வைத்துக்கொண்டால், சாக்கடலின் கரை ஏறத்தாழ −430 மீட்டர். குட்டநாட்டில் சில வயல்கள் ஏறத்தாழ −2 மீட்டர். −430, −2 இரண்டில் சிறிய எண் −430. ஆனால் கடல்மட்டத்திலிருந்து விலகியிருக்கும் தொலைவில் பெரியது சாக்கடலுடையது: |−430| = 430. எண்களின் வரிசையும் மட்டு மதிப்புகளின் வரிசையும் இங்கே தலைகீழாக வருவதைக் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள். பல குழப்பங்கள் அதிலேயே தீரும்.

இனி உங்கள் மகன் கேட்ட ‘|க| = −க’ என்ற வரிக்கு வருவோம். க பூச்சியமோ மிகையோ என்றால் தொலைவு க-வேதான். குறை எண் என்றால் அதை மறுபக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்காகத்தான் −க. அங்கே மைனஸ் ஓர் எண்ணைக் குறையாக்கவில்லை, குறையை மிகையாக்குகிறது. உங்கள் மகன் இனி இந்த வரியைப் படிக்கும்போது ‘மைனஸ் க’ என்று சொல்லாமல் ‘க-வின் எதிரெண்’ என்று வாய்விட்டுச் சொல்லட்டும். கொஞ்ச நாள் இப்படிப் படித்தால் போதும். (மட்டு மதிப்புக்கு இரண்டு நெட்டைக் கோடு போடும் வழக்கம் ஜெர்மன் கணிதர் வையர்ஸ்ட்ராஸ் 1841-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது.)

ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். −|−7| என்பது −7தான். கோடுகளுக்கு உள்ளே இருப்பதற்கு முதலில் தொலைவு கண்டு, பிறகுதான் வெளியே உள்ள மைனஸைப் பார்க்க வேண்டும். மட்டு மதிப்பு குறையாகாது. அதன் எதிரெண் தாராளமாகக் குறையாகலாம். √(க²) என்பதை க என்று எழுதி மதிப்பெண் இழப்பதும் இதே குழப்பத்தால்தான். க = −7 என்றால் அதன் வர்க்கம் 49, வர்க்கமூலம் 7. ஆகவே சரியான விடை |க|.

தொலைவு என்று பிடித்துக்கொண்டால் சமன்பாடுகளும் எளிதாகும். |க − 3| = 5 என்பது ‘3-லிருந்து 5 தொலைவில் யார்?’ என்ற கேள்வி. 8-உம் −2-உம் விடை. புரிந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு கணக்குகளைப் பக்கம் பக்கமாகக் கொடுங்கள்: |க| = −4, |க| = −க. முதலாவதற்குத் தீர்வே கிடையாது. இரண்டாவதற்குப் பூச்சியமும் எல்லாக் குறை எண்களும் தீர்வு. பூச்சியத்தையும் அவனாகவே சேர்த்துச் சொன்னால் பாடம் நன்றாகப் பதிந்துவிட்டது.